உச்சிக்குழிக்குக் கட்டின சீலை

காத்தான்குடி
1938 சித்திரை

அன்புள்ள மகன் பக்கீருக்கு வாப்பா மீராசாஹிப் சலாம் சொல்லி எழுதிக்கிறது. அல்லாஹ்ட காவலில நானும் உம்மாவும் உசிரோட இருக்கிறம், பினாங்கில நீயும் சொகமா இருக்கத் துஆக் கேக்கிறம். சொல்றது நான், எழுதுறது மர்சூக். அவன்ட கடை வாசல்ல குந்தியிருந்து சொல்றன், வீட்டில வெச்சுச் சொல்லேலாத கதை.

உன்ட தம்பி ஹலீம் உன்னிச்சைக்கு நெல்லேத்தப் போய்க் குளக்கட்டில வண்டில் குடைசாஞ்சு விழுந்து தலை அடிபட்டத முந்தியே எழுதின. அந்தச் செவலை மாடு வாங்கக்குள்ளயே நான் சொன்ன, நெத்திச் சுழி சரியில்ல வேணாமெண்டு. மாட்டுக்கும் சாதகம் பாக்கிறயா வாப்பா எண்டு என்னையே பகிடி பண்ணினான். மாட்டுக்கு ஒண்டுமில்ல, நல்லா வைக்கல் திங்குது. சரி, அத விடு. கொழும்புக்கு ரயில்ல கொண்டு போனம். பெரிய டாக்குத்தர் பாத்துப்போட்டு, மூளை வீங்கிப் போச்சு, மண்டைக்குள்ள அதுக்கு இடம் காணாது, காதுக்கு மேல எலும்பில ஒரு துண்ட வெட்டியெடுத்தாத்தான் பிழைப்பான் எண்டார். அங்க மருந்து கட்டுற சீனித்தம்பி, நம்மட வெல்லாவெளி ஆள், அவர்தான் பேச்ச விளங்கப்படுத்தின. கண் துறந்த சிரட்டை மாதிரியா எண்டு கேட்டன், ஓம் காக்கா அப்பிடித்தான் எண்டார். வெட்டினாங்க, தம்பியும் கண் முழிச்சான். இனி அதில எலும்பில்ல, தோல்தான், ஒருத்தரும் அமத்திப்போடாதீங்க எண்டு சொல்லி அனுப்பினாங்க.

வீட்ட வந்ததும் உம்மா பாத்தா. அந்த இடம் பதிஞ்சு, புறந்த புள்ளட உச்சிக்குழி மாதிரித் துடிச்சுக்கிட்டு இருந்திச்சு. தெருவில உள்ள புள்ளயளுக்கெல்லாம் உச்சிக்கு எண்ணெய் வைக்கிறவதானே உம்மா. ஆயிஷா உம்மாட பேரனுக்கு மூடாமக் கிடந்த உச்சி இவட கைபட்டுத்தான் மூடின எண்டு இப்பவும் சொல்லுவாங்க. தம்பிக்கும் மூடுமெண்டு நெனச்சு, நான் சந்தைக்குப் போன நேரம் ஆமணக்கெண்ணெயில மருந்து கொழச்சு வெச்சுச் சீலையால இறுக்கிக் கட்டிப்போட்டா. நான் வரக்குள்ள புள்ள தலையிடியெண்டு சுவரப் பாத்துக் கிடக்கான். சத்தியெடுத்தான், மறுகா வலிப்பு வந்து ஒரு பக்கக் கையும் காலும் இழுத்திச்சு. சீலைய அவிழ்த்தா, பதிஞ்சு கிடந்த இடம் பொம்மித் தையல் விட்டுத் தண்ணி ஒழுகுது. சீழில்ல, இளநி மாதிரித் தெளிஞ்ச தண்ணி. ரத்தமெண்டாக்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டன் மனே.

இஞ்ச உள்ள டாக்குத்தர், அது மூளையச் சுத்தியிருக்கிற தண்ணி, அந்த வழியால நஞ்சு உள்ளுக்குப் போனா மூளைக்காய்ச்சல் வரும், திரும்பக் கொழும்புக்குக் கொண்டு போய்த் திறக்கோணும், திறந்தாலும் பிழைப்பானெண்டு சொல்லேலா எண்டார். சீலையாலயா வந்த எண்டு கேட்டன். அவர் திரும்பிக் கை கழுவினார். இண்டைக்குக் கஞ்சி பருக்கக்குள்ள தம்பி என்னப் பாத்து, பக்கீர் காக்கா எப்ப வந்த எண்டு கேட்டான். இப்பதான் வந்த எண்டன். வேறென்ன சொல்ற. வெளிய வந்து வேலியப் புடிச்சுக்கிட்டு நிண்டன்.

உம்மா சோறு தொடுறல்ல. நான் கட்டின சீலைதானா எண்டு என்ட முகத்தப் பாத்துப் பாத்துக் கேட்டா. தாங்கேலாம, இல்ல புள்ள, வரக்குள்ள ரயில் குலுக்கினதால தையல் விட்ட எண்டு ஒரு பொய் சொல்லிப்போட்டன். அதுதான் மனே இப்ப பெரிய வினையாப் போச்சு. திரும்பவும் அந்த ரயில்ல என்ட புள்ளய ஏத்த விடமாட்டன் எண்டு வாசல்ல குறுக்கே இருக்கா. நாளைக்கு ரயில். தண்ணி நிக்கல்ல. இனி நான் வீட்ட போய் உள்ளதச் சொல்லித்தான் அவவ எழுப்போணும். அதுக்குத்தான் இன்னும் இந்தக் கடை வாசல்லயே குந்தியிருக்கன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலுக்க வெறுந்தலையோட திரியாத. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தத் தரட்டும். இது உன்ட கைக்கு வரக்குள்ள தம்பிட காரியம் ஏதோ ஒரு பக்கம் முடிஞ்சிருக்கும். எந்தப் பக்கமெண்டாலும் உம்மாவுக்கு நீ தனியா ஒரு கடிதம் போடு. சீலையில குத்தமில்ல எண்டு எழுது. நான் இனிச் சொன்னா அவ நம்பமாட்டா.

உன்ட வாப்பா
மீராசாஹிப்