உங்கள் கல்வெட்டில் இல்லாத கிணறு

அண்ணை,

முதலில் சத்தியம் பண்ணிவிடுகிறேன். இந்த மடலில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவர் நம்பமாட்டார். நம்பக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களும் போய்விட்டீர்கள். ஆகவே துணிந்து எழுதலாம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தை உங்கள் மகன் எனக்கும் அனுப்பியிருந்தார். உறையைக் கிழித்ததும் புது மையின் வாசனை மூக்கில் ஏறியது. வழுவழுத்த தாள், அட்டையில் சால்வையோடு நீங்கள், உள்ளே உங்கள் பெருமை பாட இருபத்தாறு வெண்பா. பன்னிரண்டாம் பக்கம்வரை நல்ல பிள்ளையாகத்தான் வாசித்தேன். பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: 'அகதி வாழ்வின் ஆரம்ப நாட்களில் ஏழைச் சிறார்களின் கல்விக் கண்ணைத் திறந்துவைத்த வள்ளல்.' நான் போட்ட சத்தத்தில் ஸ்டுட்கார்ட்டின் தொலைக்காட்சிக் கோபுரம் ஒரு முழம் சரிந்தது. இன்னும் நிமிர்த்தவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு நாங்கள் இருந்த ஹைம், அந்த அகதிகள் விடுதி, உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு மாடிக்குச் சமைக்க ஒரு குசினி, ஒரு தண்ணீர்க் குழாய். ஊரில் உங்கள் தகப்பனாரின் புகையிலைத் தோட்டத்தில் தலைமுறையாகக் கூலிக்கு நின்ற எங்கள் குடும்பமும், அந்தத் தோட்டத்தின் ஒரே வாரிசான நீங்களும், கையில் வாளியோடு ஒரே வரிசையில். ஊரில் உங்களை 'நயினார்' என்ற என் வாய், அங்கே 'அண்ணை' என்றது. முதல் தரம் அதைக் கேட்டபோது உங்கள் காது பனங்காய் அளவுக்கு வீங்கியதை இந்தக் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து எங்கள் கை படாமல் உங்கள் கோப்பையை மட்டும் தனியாக யன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தீர்கள். பனி கொட்டும் நாட்டுக்கு உடுப்புக் கொண்டுவராத மனுசன், அந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தீர்கள்.

ஆனாலும் உங்களைவிட்டால் எங்களுக்கு ஆளில்லை. கொழும்பில் காசு கட்டி டொச் என்கிற ஜெர்மன் மொழி படித்துவிட்டு வந்தவர் நீங்கள். நகரசபையோ ஆஸ்பத்திரியோ, நேரம் குறித்துக் கூப்பிடும் எந்த டேர்மினுக்கும் உங்களுக்குப் பின்னால்தான் ஹைம் முழுவதும் போகும். நீங்கள் முன்னுக்கு நடக்க நாங்கள் தேருக்குப் பின்னால் போகிற கூட்டம்போல.

அப்படித்தான் வதனியின் பள்ளிக்கூடத்துக்கும் போனோம். வதனி என் தங்கச்சியின் மகள், பத்து வயது. இந்த நாட்டில் நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கிம்னாசியம் என்றால் பிறகு பல்கலைக்கழகம். ஹவுப்ட்சூல என்றால் பதினைந்து வயதில் ஒரு கைத்தொழில். பால்பல் விழுந்து முடியாத வயதில் தலையெழுத்தைத் தட்டச்சில் அடித்துக் கொடுக்கிற நாடு. வதனி மூன்று இலக்கப் பெருக்கலை மனதிலே செய்பவள். அதே வகுப்பிலிருந்த உங்கள் மகன் அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான் விடை எழுதினான்.

ஆசிரியை நீளமாக ஏதோ சொன்னார். நீங்கள் அதைவிட நீளமாகப் பதில் சொன்னீர்கள். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பி, "ஹவுப்ட்சூலதான் நல்லதெண்டு சொல்லுறா. ஓமெண்டு தலையாட்டு பிள்ளை" என்றீர்கள். அவள் தலையாட்டினாள். உங்களுக்கு நன்றியும் சொன்னாள்.

பஸ் தரிப்பில் நீங்கள் சிகரெட் வாங்கப் போன இடைவெளியில் வதனி என் சட்டையை இழுத்தாள்.

"மாமா, அங்கிள் மாத்திச் சொல்லிப்போட்டார்."

"என்னத்தை?"

"ரீச்சர் என்னைக் கிம்னாசியத்துக்கு விடலாமெண்டுதான் சொன்னவ. அங்கிள்தான், இவை கூலி வேலை செய்த ஆக்கள், வீட்டில ஒருதராலும் சொல்லிக்குடுக்க ஏலாது, தாய்க்கும் விருப்பமில்லை எண்டவர். பிறகு ரீச்சரும் சரியெண்டிட்டா."

"நீ ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க கதைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அண்ணை, அங்கே எங்கள் பிழையும் இருந்தது. அந்த அறையில் உங்களைவிட நன்றாக டொச் பேசக்கூடியவள் அவள்தான். அவளைப் பக்கத்தில் ஊமையாக இருத்திவிட்டு, எங்களுக்காகப் பேசப் பெரிய வீட்டு மனுசனைக் கூட்டிப்போனோம். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த பழக்கம் அது.

அன்று பின்னேரம் குசினியில் உங்களை மறித்தேன். நீங்கள் மறுக்கவில்லை, உங்களுக்கு அந்த அவசியம்கூட இருக்கவில்லை.

"உங்கட ஆக்களுக்கு ஏன் உந்த ஆசை? ஏறிப்போட்டு விழுந்தா நோகும். நன்மைக்குத்தான் சொன்னனான்."

"உங்கட மகனுக்கும் அந்த நன்மையைச் செய்தனீங்களோ அண்ணை?"

உங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த திங்கள் இரவல் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வதனியை மொழிபெயர்ப்பாளராக நியமித்து, ஒரு தூதுவனைப்போலப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

"சொல்லு பிள்ளை. எங்களுக்கு நாற்சார் வீடு, நூறு ஏக்கர் புகையிலை, பன்னிரண்டு யானை."

"மாமா, யானையை விடுங்கோ. ரீச்சர் நம்பமாட்டா."

"அப்ப ரெண்டு யானை."

"யானையே வேண்டாம். நான் வீட்டைச் சொல்லுறன்."

உங்கள் சொத்து முழுவதையும் அந்தக் கால்மணி நேரத்தில் எங்கள் பெயருக்கு மாற்றினேன் அண்ணை. வீடு, தோட்டம், கிணறு, உங்கள் பாட்டனாரின் புத்தக அலுமாரி, வாசலில் நின்ற கார். அலுமாரியை நூலகம் ஆக்கினேன், காரை மூன்றாக்கினேன். அப்படியானால் போன முறை வந்தவர் யார் என்று ஆசிரியை கேட்டார். "எங்கட தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. நல்ல மனுசன், கொஞ்சம் எரிச்சல் பிடிச்சவர்" என்றேன். அதை மட்டும் வதனி ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

ஆசிரியையின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. பிள்ளை அதே பிள்ளை, கொப்பி அதே கொப்பி. மாறியது வீடு மட்டும். கூலிக்காரன் மகளில் காணாத கெட்டித்தனம் காணிக்காரன் மகளில் பளிச்சென்று தெரிந்தது. அந்த நல்ல மனுசிக்கும் உங்களுக்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்குமுன் முற்றத்தைப் பார்த்தீர்கள். பரிந்துரைக் கடிதத்தை அன்றே மாற்றி எழுதினார்.

பள்ளிக்கூடத்துக் கோடை விழாவில் அவர் உங்கள் கையைக் குலுக்கி, "இன்னமும் அந்தக் குடும்பத்துக் கணக்கு வழக்குகளைப் பார்க்கிறீர்களா?" என்று அன்பாக விசாரித்தார். வதனிதான் என் காதில் சொன்னாள். உங்கள் முகம் அவித்த பீட்ரூட். மூன்று கிழமை நீங்கள் குசினிப் பக்கம் வரவில்லை. சாகும்வரை இதை ஒருவரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் முதல் டேர்மினில் நீங்கள் சொன்னதையும் சொல்லவேண்டுமே.

வதனி இப்போது வரித் திணைக்களத்தில் பெரிய மேசைக்குப் பின்னால் இருக்கிறாள். எப்பேர்ப்பட்ட நயினாரும் அவளுக்கு முன் கதிரை நுனியில்தான் உட்காருவார். ஆனால் அந்த ஹைமில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள் அண்ணை. அவர்களின் டேர்மின்களுக்கும் நீங்கள்தான் போனீர்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல ஒரு மாமன் இருக்கவில்லை. அதற்காகத்தான் உங்களை நான் மன்னிக்கவில்லை. செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் பேச உங்களுக்கு இருபத்தாறு வெண்பா இருக்கிறது, என்னையும் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கோபுரம் சரியவில்லை. யானை இல்லை, நூலகம் இல்லை, கார் உங்களுடையது. ஆனால் கிணறு? சுண்ணாம்புப் பாறையை அலவாங்கால் உடைத்து அதை வெட்டியது எங்கள் அப்புவும் நானும். ஊற்றுக் கண் திறந்த அன்று முதல் தண்ணீரை உங்கள் அம்மா மேலே நின்று ஊற்ற, நாங்கள் குனிந்து கையேந்திக் குடித்தோம். அடுத்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை.

அந்தக் கிணறு எங்களுடையது என்று ஆசிரியையிடம் சொன்னேனே, அது மட்டும் பொய்யில்லை.