மச்சான் துடைத்த பானெட்

ஞாயிறு, இரவு.

காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலில் புதுக் காருக்குப் பூஜை. ஐயர் பானெட்டில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். கறுப்புக் கார். காய்ந்த சந்தனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் என் மனைவியின் அண்ணன் வெறும் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துவிட்டார். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்.

"சின்ன கோடு லா மாப்ள, பாலிஷ் மெஷின் போட்டா போயிடும்" என்றார். கடைக்கும் கூடவே வந்தார். புதுப் பெயின்டுக்குச் சின்ன மெஷின், மிருதுவான ஸ்பாஞ்ச், நைசான பாலிஷ் போதும் என்று மூன்று வாரம் படித்து வைத்திருந்தேன். அவரோ லாரிக்குப் போடுகிற பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு, "இவரு கார் தொடைக்கவே பரீட்சைக்குப் படிக்கிற ஆளு லா" என்று கடைக்காரரிடம் சிரித்தார். நான் சின்னதையே வாங்கினேன்.

சற்றுமுன் அவரிடமிருந்து மெசேஜ்: "பெரிய மெஷினை நானே வாங்கிட்டேன். காலையில வரேன்."

கார் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இந்த ஊரில் காருக்கு உரிமம் பத்து வருடம்தான்; அதன்பின் கழித்துக்கட்டிவிடலாம். மச்சானுக்கு அப்படிக் கெடு எதுவும் வைக்கவில்லை.