நீ எழுதியது ‘தக்குந்தி’

என் கேலிக்கார அண்ணா,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மாரெட்பள்ளியில் நேற்றிலிருந்து தூறல் விடவில்லை. எங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரி நாட்களில் எனக்குத் தலைகால் புரியாது. காயவைத்த துளசி, சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் மிக்சியில் ஓடும். காலி பாட்டிலோடு யாராவது வாசலில் நிற்பார்கள். ‘கஷாயம் ஆன்ட்டி’ என்று என்னைக் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருடம் ஆபீசில் ஃபைல் தூக்கியவளுக்கு ரிடையர் ஆனபிறகு கிடைத்த பட்டம் அது. நான் அதை வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

நீ ஒருவன்தான் மசியாதவன். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் காலமெல்லாம் கருவிகளைப் பழுது பார்த்த புத்தி. “மீனு, உன் வெந்நீர்ல எதிர்ப்பு சக்தி எத்தனை கிராம் இருக்கு? அளந்து சொல்லு, அப்புறம் குடிக்கிறேன்” என்பாய். எனக்கு அளக்கத் தெரியாது. ரோஷப்படத் தெரியும். ஊரெல்லாம் குடிக்கிறது, கூடப் பிறந்தவன் குடிக்கவில்லையே என்ற பொருமல் எனக்குள் வருடக்கணக்காக இருந்தது.

அதனால்தான் உனக்கு அந்த இருமல் வந்தபோது, சொன்னால் நீ நம்புவாயோ என்னவோ, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். இப்போதாவது குடிப்பான் என்று. இதை எழுதவே கை கூசுகிறது.

பொடி நிரப்பிய பாட்டிலைக் கொண்டுவந்து உன் சமையலறையில் வைத்துவிட்டு, “காலையில ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். ஒரு வாரத்துல சளி ஓடலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்” என்றேன். நீ சிரித்தாய். “சரி தாயே, குடிச்சுத் தொலைக்கிறேன்” என்றாய். அன்றைக்கே உன் சிரிப்பு இருமலில்தான் முடிந்தது. நான் என் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் உன் மெசேஜ் வந்தது. ஒரே வரி. ‘தக்குந்தி மீனு. உன் தண்ணிதான் குடிக்கிறேன்.’

அப்பா நமக்கு வீட்டில் உட்கார்த்திவைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வளர்ந்தது தெலுங்கு ஊரில், பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான். அதனால் நாம் தெலுங்கையும் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பழகினோம், யாரும் படிக்கமுடியாத நம் ரகசியம் என்று. தெலுங்கில் இருமலுக்குத் தக்கு என்று பெயர். குறைவதற்கும் தக்கு. சொல்லும்போது வேறு வேறு, தர்மத்தில் வரும் த போட்டால் இருமல், தலையில் வரும் த போட்டால் குறைவது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. நம்மில் யார் இருமினாலும் மற்றவர் “தக்கு தக்கிந்தா?” என்று கேட்போமே, இருமல் குறைந்ததா என்று. கேட்டுவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா அடுத்த அறையிலிருந்து அதட்டுவார்.

நீ எழுதியது தக்குந்தி. இருமல் இருக்கிறது என்று அர்த்தம். நான் தக்கிந்தி என்று படித்தேன். குறைந்துவிட்டது என்று. கி போட வேண்டிய இடத்தில் உன் கட்டைவிரல் கு-வை அழுத்திவிட்டதாக நானே முடிவு செய்து, நானே திருத்திக்கொண்டேன். நீ எழுத்துப் பிழை விடுகிறவனா அண்ணா? சின்ன வயதில் என் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவன் ஆயிற்றே நீ.

ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். போடவில்லை. ஏன் போடவில்லை? மறந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த பதில் கையில் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை.

அதோடு விட்டேனா? அபார்ட்மென்ட் குரூப்பில் பெருமை அடித்துக்கொண்டேன். என் அண்ணன் சயன்ஸ்காரர், அவருக்கே நாலு நாளில் குறைந்துவிட்டது என்று. கைகூப்பின பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த ஒரு வாரம் அவர்களுக்குப் பொடி அரைத்தே பொழுது போனது. கால் மணி நேர ஆட்டோ தூரத்தில் நீ இருமிக்கொண்டிருந்தாய்.

யாதம்மாதான் ஃபோன் செய்தாள். அண்ணி போன பிறகு உனக்குச் சமைத்துப்போட்டவள் அவள் ஒருத்திதானே. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். நிமோனியா, நுரையீரல் இரண்டிலும் பரவிவிட்டது, ஒரு வாரம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் யாதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரு மீ பொடே தாகிண்டு மேடம். டாக்டர் ஒத்தன்னடு” என்றாள். சார் உங்கள் பொடியைத்தான் குடித்தார், டாக்டரிடம் போக வேண்டாம் என்றுவிட்டார் என்று. குறை சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னாள்.

வாழ்நாள் முழுக்கக் கேலி செய்துவிட்டு, கடைசியில் ஏன் நம்பினாய்?

உன் வீட்டை ஒழித்தபோது அந்தப் பாட்டில் இருந்தது. அடிவரைக்கும் வழித்திருந்தாய். ஸ்பூன் உள்ளேயே கிடந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குரூப்பில் நீ போன செய்தியைப் போட்டபோது ஹார்ட் அட்டாக் என்று எழுதினேன். பொடி குடித்துக் குணமானவர் பத்து நாளில் இருமிச் செத்தார் என்று எப்படி எழுதுவது? அவர்களும் நம்பினார்கள். பட்டம் போகவில்லை. இரண்டு வருடம் உன் சாவுக்கு வேறு பெயர் சொல்லிக்கொண்டு நடமாடினேன். தன் வாயால் கெடும் தவளைக்காவது கொஞ்சம் சூடு சொரணை இருந்திருக்கும்.

போன வாரம் கீழ்வீட்டுப் பத்மா பாட்டிலோடு வந்தாள். அவள் புருஷனுக்குப் பன்னிரண்டு நாளாக இருமலாம். “ஆன்ட்டி, மீ அன்னய்யக்கு தக்கிந்தி கதா, மா ஆயனக்கு கூட கொஞ்செம் இவ்வண்டி” என்றாள். உங்கள் அண்ணனுக்குக் குறைந்ததே, என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கொடுங்கள். தலையின் த போட்டு, சுத்தமாகச் சொன்னாள். பாட்டிலை வாங்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

“குறையலை பத்மா” என்றேன். “எங்க அண்ணனுக்குக் குறையவே இல்லை. அதுலதான் போனார். ஹார்ட் இல்லை. நான் பொய் சொன்னேன்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “மறி இன்னாள்ளு மாக்கு எந்துக்கு இச்சாரு?” என்றாள். அப்படியானால் இத்தனை நாள் எங்களுக்கு ஏன் கொடுத்தீர்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு டாக்டரிடம் போனேன். பத்மாவின் புருஷனுக்கும் நெஞ்சில் சளி கட்டித்தான் இருந்தது, ஆனால் நேரத்தோடு வந்துவிட்டார். மாத்திரையில் தேறிவருகிறார். பத்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

அன்று சாயங்காலமே குரூப்பிலும் நடந்ததை எழுதினேன். இந்தத் தடவை ஒரு பொம்மையும் வரவில்லை.

கஷாயத்தை நான் விடவில்லை அண்ணா. காலையில் ஒரு டம்ளர், தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கும் கொடுக்கிறேன். பாட்டில் மேல் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: விருந்தும் மருந்தும் மூன்று நாள், அதற்குமேல் இருமினால் டாக்டரிடம் போ. கீழே தெலுங்கிலும் எழுதுகிறேன், அவர்கள் எழுத்திலேயே. அதில் அந்த இரண்டு த-வும் வேறு வேறாக இருக்கின்றன.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருடைய இருமலையும் நான் மெசேஜில் படிக்கமாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து காதால் கேட்பேன். “தக்கு தக்கிந்தா?” என்று நம்முடைய அந்த இரண்டு வார்த்தையில் விசாரிப்பேன். கிடைக்கிற பதிலைத் திருத்தமாட்டேன்.

உன்னிடம் மட்டும் கேட்காமல் விட்ட,
உன் தங்கை மீனு