முன்வாசல் வழியாக வந்த ஆயா

என் கண்ணான மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே ஆண்டவர் தயவில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய், போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் நடுவழியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, கண்ணாடிக் கடைக்குப் பழையபடி போய் வருகிறார். தம்பி இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து வாயே திறக்கவில்லை, அதை வைத்து நீயே புரிந்துகொள். நம் சர்ச்சின் ஆண்டுவிழா போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அங்கே அப்பா ஒரு காரியம் செய்துவிட்டார், கோபப்படாமல் கடைசிவரை படி.

வெள்ளைக்காரர்கள் கட்டிய சர்ச், அவர்கள் ஊரில் இருக்கிற பிரஸ்பிட்டேரியன் சபை மாதிரியே கட்டினார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். பிஷப் கிடையாது, மூப்பர்கள் கூடித்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும், அதனால்தான் ஒரு மின்விசிறி மாற்றக்கூட அரை வருஷம் ஆகிறது என்று அப்பா சிரிப்பாரே. இந்த வருஷம் சபைச் சரித்திரத்தை அச்சடித்து ஆராதனையில் வாசிக்க வேண்டும் என்று முடிவாகி, வாசிக்கிற பொறுப்பு மூப்பர் என்ற முறையில் அப்பா தலையில் விழுந்தது. எழுதியவர் நம் செயலாளர். நிலம் கொடுத்த வியாபாரி, மணி வாங்கித் தந்த கப்பல் கேப்டன், வந்துபோன போதகர்கள் என்று எல்லாம் இருந்தது. நம் ஜனங்களைப் பற்றி ஒரே ஒரு வரி, பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகை பிற்பாடு அகற்றப்பட்டது என்று. அப்பா அவரிடம் போய், அந்தக் கொட்டகை ஏன் காலியாச்சுன்னும் போடுங்களேன் என்று கேட்டிருக்கிறார். எழுத்துல ஆதாரம் இருக்கா, உங்க வீட்டுக் கதையெல்லாம் சரித்திரம் ஆகுமா என்று அவர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாராம்.

அந்தக் கதையை நீ சின்ன வயதில் அரைத்தூக்கத்தில் கேட்டிருப்பாய், முழுதாக நினைவிருக்குமோ என்னவோ. அப்போது உள்ளே துரைமார் குடும்பங்கள், வெளியே கொட்டகையில் நம்மவர்கள். ஜன்னல் வழியாக வருகிற பிரசங்கம்தான் நமக்கு. போதகர் துரையின் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் இறந்துபோனாள். அந்தக் குழந்தையை வளர்த்த ஆயா உன் அப்பாவுக்கு முப்பாட்டி. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்று அவளைக் கொட்டகையில் உட்காரச் சொல்லிவிட்டு, குழந்தையை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அது வீறிட்டு அழுதிருக்கிறது. ஒரு துரைசானி கையிலிருந்து இன்னொரு துரைசானி கைக்கு மாறி மாறிப் போயும் அடங்கவில்லை. வெளியே இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து சுற்றிக்கொண்டு போய், முன்வாசல் வழியாக எல்லோரும் பார்க்க நடுவே நடந்து, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. ஒரு மூப்பர் துரை எழுந்து வாசலைக் காட்டினார். போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் மனைவி உட்காருகிற இடத்தைக் காட்டி, இங்க உட்காருங்கம்மா என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறும் குழந்தையோடு முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். கேட்டவர்களிடம், வெளிய உட்கார்ந்தா புள்ள அழுவுதுங்க என்றாள். பிறகு பால் புட்டியைப் பிடிக்கத் தங்கை வந்தாள், குடை பிடிக்கத் தங்கை புருஷன் வந்தார், குடை பிடித்தவருக்குத் துணையாக அவர் அண்ணன் குடும்பமே வந்தது. இப்படித்தான் அந்தக் கொட்டகை காலியானது. குழந்தை வளர்ந்ததும் அதைத் தங்கள் தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள், வெறும் மடியோடு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொட்டகை வரி வரைக்கும் ஒழுங்காக வாசித்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தார். நாலு பேர் முன்னால் நன்றி சொல்லக்கூடத் திக்குகிற மனுஷன், இது அச்சுல இல்ல, எங்க வீட்ல சொன்னது என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லி முடித்தார். அதோடு இறங்கியிருந்தால் பரவாயில்லை. என் பொண்ணும் வெளிநாட்டுல ஒரு வீட்ல குழந்தையைத்தான் பார்த்துக்கறா, ஆபீஸ் வேலைன்னு நாங்க சொல்லிக்கிட்டு இருந்தோம், இனிமே அப்படிச் சொல்லப் போறதில்ல என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் தெரியவேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாய், எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது, நாளைக்கு வரன் பேசும்போது பல்லின்மேல் நாக்கைப் போட்டுப் பேசுவார்களே என்ற பயம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் செயலாளரின் மனைவி என்னைத் தேடி வருகிறாள். மகன் வெளிநாட்டில் ஹோட்டல் மேனேஜர் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிவாளே, அவள்தான். குத்திக்காட்டத்தான் வருகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் அங்க பாத்திரம் கழுவுறான்க்கா, கையெல்லாம் வெடிச்சிருக்கு, போட்டோ அனுப்பினான், யார்கிட்டயும் சொல்லி அழக்கூட முடியல என்றாள். இரண்டு பேரும் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி, விழாவுக்குக் கட்டிய புடவையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதோம். செயலாளர் மட்டும் அப்பா அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று இன்னும் முணுமுணுக்கிறார், அது கிடக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் வீரமெல்லாம் போய்விட்டது. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு, பாப்பா கோவிச்சுக்குவாளா, அவளைக் கேட்காம சொல்லிட்டேனே என்கிறார். அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை, உன்னைக் கேட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் மேடையில் உன்னைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு ஒரு வார்த்தைகூடத் திக்கவில்லை, அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அந்தக் குட்டிக்குப் பல் முளைக்கிறது என்றாயே, கடிக்கச் சுத்தமான துணியைக் கொடு, ராத்திரி அழுதால் எரிச்சல் படாதே. நம் வீட்டு ஜெபத்தில் உன் பேரோடு அதன் பேரையும் சேர்த்திருக்கிறோம், உன் அப்பாதான் சேர்த்தார். உன் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் துணையிருக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். மறக்காமல் போன் பண்ணு, எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் பண்ணு. அவர் குளிக்கப் போகும்போதுகூட போனைக் கதவு பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா