தோனா அல்பெர்ட்டினாவின் இடது கை

ஃபால் ரிவர்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் நேலியுவுக்கு அப்பா சொல்லி, உன் தங்கை லீடியா எழுதுவது. இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சியாட்டிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் ஜெபிக்கிறாள். எனக்கு மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. தெருமுனை அம்மாள் தோனா அல்பெர்ட்டினாவின் வீட்டுப் புகைபோக்கியைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வெயில் அடிக்கிறதே என்று திறந்து கிடந்த கூரைமேல் தார்ப்பாயைக் கட்டாமல் சாப்பிட வந்துவிட்டேன். அதற்குள் பெருமழை. மாடி அறையில் ஒழுகுகிறதே என்று அவர் வாளி வைக்கப் போக, ஊறியிருந்த கூரைப் பூச்சு பெயர்ந்து மேலே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நம் வேலையால் வாடிக்கையாளருக்கு வரும் சேதத்துக்கும் காயத்துக்கும் காப்பீடு எடுத்திருந்ததால் பிழைத்தோம், இல்லையென்றால் இந்த வீட்டை விற்றிருக்க வேண்டும். காப்பீட்டுக்காரரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். விசாரணை முடியும்வரை அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது, தப்பு என்னுடையது என்று யாரிடமும் ஒத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் பணம் நின்றுபோகலாம் என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறேன், அம்மா அவருக்கு வைக்கும் சூப்பு லீடியா கையில்தான் போகிறது.

இன்று தேவாலயப் பூசையில் கைகுலுக்கி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், முன்வரிசையிலிருந்த அவர் திரும்பி இடது கையை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குனிந்து சொன்னார்: “வாயை மூடு துவார்த்தே. நீ பாட்டுக்கு மன்னிப்பு கின்னிப்புன்னு உளறி, என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வர்ற காசைக் கெடுத்துடாதே. அது வரட்டும், அப்புறம் வீட்டுக்கு வா. உன்னை உட்கார வெச்சுத் திட்ட நிறைய வெச்சிருக்கேன்.”

பக்கத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய், காப்பீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வீட்டில் ஏணி சாத்துவதற்கு முன் எடுத்துவிடு. நீ கவனமானவன்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். வானம் வெளுத்திருந்தாலும் தார்ப்பாயைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போ. நீ ஏறும் கூரைகளிலெல்லாம் கடவுள் உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் அப்பா,
துவார்த்தே

அண்ணா, இது நானாக எழுதுவது. சாமியார் அடுத்த ஜெபத்துக்குப் போன பிறகும் அப்பா அந்தக் கையை விடவில்லை. தோனா அல்பெர்ட்டினாவும் பீடத்தின் பக்கம் திரும்பாமல் அப்படியே நின்றார். அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காப்பீட்டுக்காரர் கேட்டால் அதற்கு நான் சாட்சி.