கதவுக்குள்ளிருந்து ஒரு ஆமென்

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். அக்காவின் கோபமும் கூடவே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாய். சாயங்காலம் ஜெபக்குழுவினர் வழக்கம்போல் வந்து கதவைத் தட்டியபோது, கூடத்துத் தரையில் கிடந்தபடியே, "இன்னைக்குக் கூட்டம் இல்ல, போயிட்டு வாங்க, ஸ்தோத்திரம்" என்று திருப்பி அனுப்பினாய். போதகரின் மனைவி போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு உன் புத்தியை நினைத்துப் பார்த்தேன், நம்பினேன்.

வெறும் துண்டோடு தவழ்ந்து வந்த கோலத்தைப் பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கமா? குழுத் தலைவர் வழுக்கி விழக்கூடாதா? அவர்கள் வாசலில் நின்று உனக்காக ஜெபித்தார்களாம். உள்ளேயிருந்து ஆமென் வேறு சொன்னாயாம்! அந்த ஆமென் தரையிலிருந்து வருகிறதே என்று போதகரின் மனைவிக்கு உறுத்தியிருக்கிறது. தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, கதவின் அடியிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்து, "ஐயோ, அண்ணன் கீழ கிடக்கிறாரு" என்று அலறியதால் பிழைத்தாய்.

அக்கா தனியாளாக டைல்ஸ் கடை போட்டு முன்னுக்கு வந்தவள் என்று எல்லோரிடமும் பெருமை பேசுகிறாய். சுத்தப் பொய். லாரி வந்து நின்றால் எதிர்க்கடைக்காரனைத்தான் கூப்பிடுவேன். வியாபாரத்தில் அவனுக்கும் எனக்கும் ஆகாது. ஆனாலும் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்க அவன் கை வேண்டும். தனியாகத் தூக்கினால் டைல்ஸும் போகும், முதுகும் போகும்.

யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சாவு என்று ஓடுகிறாய். உன் மனைவி இறந்த பிறகு ஒருநாளாவது உனக்காக ஜெபிக்கச் சொன்னாயா என்று விசாரித்தேன். "நமக்கென்ன, எல்லாம் நல்லாயிருக்கு" என்பாயாம். கொடுக்க மட்டும் கை நீட்டிவிட்டு, வாங்கும்போது மடக்கிக்கொள்வதற்குப் பெயர் விசுவாசமா? தலைக்கனம். ஆண்டவரின் சிலுவைக்கே வழியில் இன்னொருவன் தோள் கொடுத்தான். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றா சொன்னார்? அவரைவிட நீ பெரிய ஆளோ?

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அந்தக் காலி வீட்டுக்குத் தனியாகப் போகப்போகிறாயாம். என் போனையும் எடுப்பதில்லை. நான் விமானம் ஏறி வந்தால் ஒரு வாரம் இருப்பேன். அப்புறம்? ஜெபக்குழுவினர் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். அதனால் உன்னைக் கேட்காமல் அவர்களிடம் பேசி முடித்துவிட்டேன்.

நீ எழுந்து நடக்கும் வரை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், எதுவும் வேண்டாம் என்றார்கள். சும்மா கிடைக்கும் சரக்கை நான் வாங்குவதில்லை, விலை சொல்லுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். போதகரின் மனைவி சிரித்துவிட்டு ஒரு விலை சொன்னார். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.

கர்த்தர் உன் எலும்புகளைக் கூட்டிச் சேர்த்து, உன்னை எழுப்பி நடக்கவைப்பாராக. எனக்கிருப்பது நீ ஒருவன்தான்டா.

பேசிய விலை இதுதான்: வீட்டுச் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கும். கூட்டம் உன் கட்டிலைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு வெள்ளியும் முதல் ஜெப விண்ணப்பம் உன்னுடையது, உன் வாயால். "எல்லாம் நல்லாயிருக்கு" செல்லாது.

கோபம் தீராத,
அக்கா