கோபக் கஞ்சி, பன்னிரண்டு

மார்ச் 2

தண்ணி டீச்சருக்கு,

பண்ணையில் தண்ணியைச் சோதிக்கும் உங்களை என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார், நானும் அப்படியே எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் தவறிப்போய் நாற்பது நாள் ஆகிறது. இறால் பண்ணையிலிருந்து அவர் சட்டையும் செருப்பும் வந்தன. அவர் தினமும் எழுதிய நோட்டு வரவில்லை. உங்களிடம் இருக்கிறதாம். பதினோரு வருஷம் நீங்களும் அவரும் ஒரே தொட்டியைச் சுற்றி நின்றீர்கள். வீட்டுக்கு வந்தாலும், "டீச்சர் சொன்னாங்க, பெரிய இறாலுக்கு நல்ல தண்ணி போதும், குஞ்சுக்குத்தான் உப்பு வேணும்" என்று உங்கள் பேச்சுதான். என்னிடம் பேசாததையெல்லாம் அந்த நோட்டில் எழுதியிருப்பார். எனக்கு அது வேண்டும்.

இறால்காரர் பெண்சாதி


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நோட்டு பத்திரமாக இருக்கிறது. பத்து நாள் மட்டும் பொறுங்கள். குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் உடம்புக்குள் உப்பு இருக்கும், வெளியே இருக்காது, அதனால் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளவும், செவுளால் உப்பை இழுத்து வைக்கவும் உடம்பு பழக வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் செத்துப்போகும்.

அண்ணன் தண்ணீரை நாக்கில் வைத்து அளவு சொன்ன பிறகுதான் நான் மீட்டரை வைப்பேன். ஒருநாளும் தப்பியதில்லை. இப்போது மீட்டரும் தடுமாறுகிறது. வழியில்லாமல் அவர் நோட்டைத் திறந்தேன். லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்பதை இப்படித்தான் எழுதியிருக்கிறார்:

"அவ கோபமா வச்ச கஞ்சி, பன்னிரண்டு. சமாதானமான பிறகு வச்சது, ஏழு. அவ ஊருக்குப் போன அன்னைக்கு நானே வச்சது, ஒண்ணுமில்ல."

பதினோரு வருஷமும் இதேதான். என் பேச்சு ஒரு பக்கத்திலும் இல்லை. அந்தக் கஞ்சியின் ருசி எனக்குத் தெரியாதே, தொட்டியை எப்படி மாற்றுவது?

தங்கை


மார்ச் 13

டீச்சர்,

கடிதம் வந்த அன்றே கஞ்சி வைத்தேன். ஐம்பது நாளுக்குப் பிறகு இப்போதுதான். பன்னிரண்டுதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? இத்தனை வருஷம் "உப்பு கூடிப்போச்சு" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு, அங்கே வந்து எழுதி வைத்திருக்கிறார்.

குஞ்சுகள் சாக வேண்டாம். திங்கட்கிழமை காலையில் வருகிறேன். தண்ணியை நாக்கில் வைத்து நான் சொல்கிறேன். தொட்டிக்கு அவர் நின்ற பக்கம் நான் நிற்பேன். நீங்கள் எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

கஞ்சி கொண்டுவர மாட்டேன். கேட்காதீர்கள்.

அவர் பெண்சாதி